தேரைத் தலைக்கு ஒரு தொப்பி

மொன்றியலில் வீடுகளுக்குப் படி வெளியில்தான் இருக்கும். இரும்புப் படி. பனியிலும், பனி கரைக்கப் போடுகிற உப்பிலும் கிடந்து கறள் பிடித்துப் போகும். பிறகு யாராவது வந்து வெட்டி ஒட்ட வேண்டும். என் மகன் செய்த வேலை அதுதான். செயின்ட்-மிஷேலில் ஒரு பட்டறை. முதலாளி இந்த ஊர்ப் பிரெஞ்சுக்காரர், நல்ல மனிதர், ஆனால் அவருக்கு ஒரு விசர் இருந்தது. கோடையில் படி ஒட்டுவார். பனிக்காலத்தில் வேலை குறைந்ததும் பட்டறையின் பின் அறையில் இருந்து பழங்காலத்துக் கவசம் செய்வார்.

ஐந்நூறு வருசத்துக்கு முன்னால் ஜெர்மன் தேசத்துப் பிரபுக்கள் குதிரையில் ஏறி, எதிரெதிராக ஓடி வந்து, நீட்டு ஈட்டியால் ஒருவரை ஒருவர் குத்தி விழுத்தி விளையாடினார்களாம். பட்டணத்துச் சந்தை வெளியில் மண் பரப்பி, சனம் சுற்றி நின்று பார்க்குமாம். அந்த விளையாட்டுக்கென்றே தனியாக ஒரு கவசம். போருக்குப் போடுவது வேறு, இது வேறு. போர்க் கவசத்தைப் போட்டுக்கொண்டு நடக்கலாம், குனியலாம், ஓடவும் செய்யலாம். இதைப் போட்டால் குதிரையில் இருக்கலாம், அவ்வளவுதான். இதையெல்லாம் மகன் சோற்றுக் கோப்பையை முன்னால் வைத்துக்கொண்டு சொல்லுவான். நான் ஓம் ஓம் என்பேன். இரும்பு வேலைக்காரன் இரும்போடு மினக்கெடுகிறான், மினக்கெடட்டும் என்றுதான் இருந்தேன்.

அதைப் போடப்போகிறவன் அவன்தான் என்று எனக்குத் தெரியாது.

கவசத்தின் ஒவ்வொரு தகட்டையும் ஒரு உடம்பில் வைத்துப் பார்த்துத்தான் தட்ட வேண்டும். முதலாளி தனக்கென்றுதான் தொடங்கினார். தன் உடம்பில் தானே அளவு பார்க்க முடியாதபடியால் மகனை நிறுத்தி வைத்துத் தட்டினார். அவன் நெஞ்சு, அவன் தோள், அவன் கழுத்து. இரண்டு பனிக்காலம் போனது. முடிந்தபோது அது முதலாளிக்கு ஏறவில்லை. அவருக்கு வயிறும் வைத்துவிட்டது, இடுப்பும் பிடித்துவிட்டது. “இது உன்ரை உடம்பு. நீதான் ஏற வேணும்” என்றாராம். எங்கள் ஆளும் ஞாயிற்றுக்கிழமைகளில் வேலை இருக்கிறது என்று எங்களுக்குச் சொல்லிவிட்டு, முதலாளியின் தமையனுடைய பண்ணைக்குப் போய்க் குதிரை ஓடப் பழகியிருக்கிறான். கோடையில் மொன்றியல் தீவின் கிழக்குக் கரையில் ஒரு குதிரைத் திருவிழா நடக்கும். அதில் இவனும் தமையன்காரரின் மகனும் எதிரெதிராக ஓடுவதாக ஏற்பாடு.

இதை அவன் வில்லரே பகுதியில் எங்கள் வீட்டுக் குசினியில் வைத்துச் சொன்னபோது நான் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன். கத்தியைக் கழுவி வைத்துவிட்டுத்தான் வாயைத் திறந்தேன்.

“உனக்கென்ன விசரே?”

“ஆரும் சாகிறேல்லை அம்மா. குத்துப்பட்டு விழுறது, பேந்து எழும்புறது. அதுதான் விளையாட்டு.”

“விழுறதுதான் விளையாட்டெண்டா கட்டிலிலை இருந்து விழன்.”

மருமகள் சிரித்துவிட்டாள். பிறகு அவனுடைய முகத்தைப் பார்த்து வாயைப் பொத்தினாள். அவள் கலியாணம் முடித்து யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து அதிக காலம் இல்லை. கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் ஒரு ஆஸ்பத்திரியில் துப்பரவு வேலை, பின்னேரத்தில் பிரெஞ்சு வகுப்பு. அவனை எதிர்த்து ஒரு சொல் சொல்லமாட்டாள். எல்லாவற்றையும் உள்ளுக்குள் போட்டு வைத்துக்கொள்கிற பிள்ளை.

“குண்டுக்குள்ளாலை உன்னை இழுத்துக்கொண்டு வந்தது ஈட்டிக்குக் குடுக்கவோ?” என்று கேட்டேன். மற்ற இரண்டு பிள்ளைகளையும் அங்கேயே மண்ணுக்குக் கொடுத்துவிட்டு வந்தவள் நான். அதைச் சொல்லவில்லை. சொல்லாமலே அவனுக்குக் கேட்டிருக்கும்.

அவன் கோப்பையைத் தள்ளி வைத்தான். “அம்மா, இந்த நாட்டுக்கு வந்து இத்தினை வருசமா நான் போட்டது முழுக்க மற்றவன் போட்டுக் கழிச்சது. சப்பாத்து, ஜாக்கெட், எல்லாம். இது ஒண்டுதான் எனக்கெண்டு என்ரை அளவிலை செய்தது.”

“நான் தைச்சுத் தந்த கோட்டு?”

“அதை விடுங்கோ.”

எப்படி விடுவது? குளிர் கோட்டுத் தைக்கும் தொழிற்சாலையில் கண் மங்கும் வரைக்கும் இருந்தவள் நான். இரண்டு துணிக்கு நடுவே பஞ்சை வைத்து, அது கீழே இறங்காதபடி வரி வரியாகத் தைப்பதுதான் என் பகுதி. நான் தைத்தது பிரிந்து திரும்பி வந்ததே இல்லை. மேற்பார்வைக்காரி மற்றவர்களின் வேலையை இழுத்துப் பார்ப்பாள், என்னுடையதைப் பார்க்காமல் அடுக்குவாள். அவனுக்கு அந்தக் கோட்டை நான் மிச்சத் துணியில் தைக்கவில்லை. புதுத்துணி வாங்கித் தைத்தது.

அதற்குப் பிறகு சில நாள் அவனோடு நான் கதைக்கவில்லை. கதைக்காவிட்டால் பயந்து விடுவான் என்று நினைத்தேன். அவன் பயப்படவில்லை. எனக்குத்தான் சாப்பாடு இறங்கவில்லை. கோயிலுக்குப் போய்ப் பிள்ளையாருக்கு நேர்ந்தேன். அவனுக்குக் காய்ச்சல் வரட்டும், பெரிதாக வேண்டாம், படுக்கையில் கிடத்துகிற அளவுக்கு வந்தால் போதும் என்று கும்பிட்டேன். எந்தத் தாயாவது பிள்ளைக்கு வருத்தம் வரச் சொல்லி நேருவாளா? நான் நேர்ந்தேன்.

ஒரு நாள் மகன் வந்து, முதலாளி என்னைப் பட்டறைக்கு வரச் சொல்கிறார் என்றான். தலைக்கவசத்துக்குள் வைக்கிற தொப்பி சரிவரவில்லையாம். இரண்டு பேரிடம் கொடுத்துத் தைத்தும் பிழைத்துவிட்டதாம். “என்ரை அம்மா கோட்டுத் தைச்சவ எண்டு வாய் தவறிச் சொல்லிப்போட்டன்” என்றான். வாய் தவறியது போல எனக்குத் தெரியவில்லை.

போனேன். நிறுத்தலாமா என்று பார்க்கத்தான் போனேன்.

பின் அறையில் ஒரு மரக் கட்டையில் அதை மாட்டி வைத்திருந்தார்கள். நான் படத்தில் பார்க்கிற மெல்லிய வெள்ளிச் சட்டை மாதிரி இருக்கும் என்று நினைத்திருந்தேன். இது அப்படி இல்லை. நெஞ்சுத் தகட்டின் வலப்பக்கம் பெட்டி மாதிரித் தட்டை. ஈட்டி படுக்கிறதுக்காம். அந்தப் பக்கத்தில் முன்னால் ஒரு கொக்கி, பின்னால் முழ நீளத்துக்கு ஒரு இரும்பு வால். ஈட்டியின் நடுவைக் கொக்கியில் தாங்கி, அடியை வாலுக்குக் கீழே செருகிவிட்டால் அந்தப் பாரத்தைக் கை சுமக்கத் தேவையில்லை. இடது நெஞ்சில் இரண்டு ஓட்டை. அதற்குள்ளால் கயிறு விட்டு மரக் கேடயத்தைக் கட்டித் தொங்கவிடுவார்கள். எதிரி குத்த வேண்டிய இடம் அந்தக் கேடயம். இடது கைக்கு, விரல் மடக்க முடியாத ஒரு இரும்புக் கூடு. கடிவாளத்தைப் பிடித்திருந்தால் போதும்.

காலுக்கு ஒன்றுமே இல்லை. “கால்?” என்று கேட்டேன். காலைக் குதிரையின் நெஞ்சில் கட்டுகிற பெரிய வைக்கோல் மெத்தை மறைக்குமாம்.

பிறகுதான் தலைக்கவசத்தைப் பார்த்தேன். தேரையின் தலை மாதிரி முன்னால் துருத்திக்கொண்டு, மேலே ஒரு நீட்டு வெடிப்பு. முகம் இருக்க வேண்டிய இடத்தில் தடித்த இரும்பு. அவர்களும் அதைத் தேரைத் தலை என்றுதான் சொல்கிறார்கள். முன்னால் மூன்று திருகாணி போட்டு நெஞ்சுத் தகட்டோடு முறுக்கிவிடுவார்கள், பின்னால் ஒரு நீட்டுத் திருகாணி முதுகோடு. தலையைத் திருப்ப முடியாது. உடம்பை முன்னால் சாய்த்துக் குனிந்து இருந்தால்தான் அந்த வெடிப்பால் எதிரில் வருகிறவன் தெரிவான். ஈட்டி படப்போகிற நேரம் உடம்போடு தலையை நிமிர்த்திவிட வேண்டும், இல்லையென்றால் சிராய் கண்ணுக்குள் போகும். நிமிர்த்தினால் ஒன்றும் தெரியாது. அடி விழுகிற நேரம் குருடன்தான்.

முதலாளி “மதாம்” என்று மரியாதையாகக் கதிரை போட்டார். பிறகு அந்தத் தேரைத் தலைக்குள் என் கையை விடச் சொன்னார். வெளியில் மரச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினார். சின்னத் தட்டுத்தான். என் முழங்கை வரைக்கும் விறைத்தது. அவர் சொன்னதை மகன் சொன்னான்.

“இரும்பு ஈட்டியைத்தான் மறிக்குமாம் அம்மா. அதிர்ச்சியை மறிக்கிறது தொப்பிதானாம். தலை இரும்பிலை முட்டாமல் நடுவிலை தொங்கவேணும். தோல்வார் வைச்சு, இந்த ஓட்டையளுக்குள்ளாலை வெளியிலை எடுத்துக் கட்டுறது. பிடரிப் பக்கம்தான் தடிப்பாய் இருக்க வேணுமாம். அடிபட்ட உடனை தலை பின்னுக்குத்தான் போய் இடிக்கும்.”

வீட்டுக்கு வந்து துணியை மேசையில் விரித்து வைத்துவிட்டுக் கத்தரிக்கோலை எடுக்காமல் இருந்தேன். தைக்காமல் விட்டால் இன்னொரு ஆளிடம் கொடுப்பார்கள். அவள் எப்படித் தைப்பாளோ. பிழையாகத் தைத்து, இது சரிவராது என்று முதலாளி தள்ளிவிடட்டும் என்று பார்த்தால், அவர் கண்டுபிடிக்காமல் விட்டுவிட்டால்? என் பிழைக்குள் என் பிள்ளையின் தலை இருக்கும். நன்றாகத் தைத்தால் நானே அவனைக் குதிரையில் ஏற்றுகிறேன். எந்தப் பக்கம் திரும்பினாலும் சுவர்.

நன்றாகத்தான் தைத்தேன். தடித்த லினன் துணி இரண்டு, நடுவில் சணல் பஞ்சு. நெற்றிக்கு ஒரு வரி, காதுக்கு மேலே வளைத்து, பிடரிக்கு இரட்டைப் பஞ்சு. கையால்தான். மெஷின் ஊசி அந்தத் தடிப்பில் உடைந்துவிடும். அவனை இருத்தித் தலையில் வைத்து, இறுக்குதா, தளருதா என்று கேட்டுக் கேட்டுத் தைத்தேன். சின்ன வயதில் தலை வாரிவிடும்போது இருந்தது போலவே அசையாமல் இருந்தான்.  

முதலாளி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு நெஞ்சில் கையை வைத்து எனக்குத் தலை வணங்கினார். பட்டறையில் ஒத்திகை பார்த்தார்கள். வியர்வையில் ஊறியதென்று மகன் ஒரு முறை காய வைக்க வீட்டுக்குக் கொண்டுவந்தான். மருமகள்தான் வாங்கிப் பல்கனியில் கொழுவினாள். திருவிழாவுக்கு முதல் நாள் திரும்பக் கொண்டுபோனான்.

திருவிழா அன்று நல்ல வெயில். மகன் விடியவே போய்விட்டான். நானும் மருமகளும் மெட்ரோவும் பஸ்ஸும் மாறிப் போனோம். மண் கொட்டிய நீளமான ஒரு வெளி. நடுவில் தடுப்பு ஒன்றும் இல்லை. ஜெர்மன்காரர் வெறும் வெளியில்தான் ஓடுவார்களாம். எங்களுக்கு முன் வரிசையில் இடம் வைத்திருந்தார்கள். குதிரைகளைக் கொண்டுவந்தபோது பார்த்தேன். முகத்தில் கண் இல்லாத இரும்பு முகமூடி. குதிரை பயந்து விலகாமல் இருக்கக் கண்ணை மூடி, காதுக்குள்ளும் கம்பளி அடைத்திருந்தார்கள். குருட்டுக் குதிரையில் குருட்டு மனிதன். நெஞ்சில் வைக்கோல் மெத்தை, கழுத்தில் போட்ட பெரிய பிறைத் துண்டு மாதிரி. சேணத்துக்குப் பின்னால் சாய ஒன்றும் இல்லை. இலகுவாக விழ வேண்டும் என்றுதான் அப்படிச் செய்வார்களாம்.

வெளியின் ஒரு முனையில் மரப்படி வைத்த மேடை. அந்தப் பாரத்தோடு தரையில் இருந்து குதிரையில் ஏற முடியாது. மகனை மேடையில் வைத்து, குதிரையை மேடையோடு ஒட்டிக் கொண்டுவந்து ஏற்றினார்கள். பிறகு தேரைத் தலையைக் கவிழ்த்து, தொப்பியின் வார்களை ஓட்டைகளால் இழுத்துக் கட்டி, திருகாணி முறுக்கினார்கள். என் பிள்ளை மறைந்து போனான். குதிரையில் ஒரு இரும்புத் தேரை இருந்தது.

 பக்கத்தில் மருமகள் குளிர்பானம் குடித்துக்கொண்டிருந்தாள். அது எனக்குப் பொறுக்கவில்லை.

“உனக்கு நெஞ்சு பதறேல்லையோ பிள்ளை?”

“முந்திப் பதறினது மாமி. இப்ப இல்லை.” அவள் என் காதுக்குக் கிட்ட வந்தாள். “இவருக்குச் சொல்லிப்போடாதேங்கோ. என்ரை அட்சரக்கூட்டை உள்ளுக்கை வைச்சுத் தைச்சுவிட்டனான்.”

அவளுடைய தாய் ஒரு ஐயரிடம் மந்திரம் எழுதுவித்த செப்புத் தகட்டைச் சுருட்டி அடைத்துக் கொடுத்த வெள்ளிக் குழாய் அது. சின்ன விரல் தடிப்பு இருக்கும். செல்லடிக்குள்ளும் சோதனைச் சாவடிக்குள்ளும் அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டுதான் அவள் தப்பி வந்தாள். எங்கள் சனத்தில் பிரயாணம் போகிறவனுக்கு இப்படி ஒன்றைக் கட்டிவிடாத வீடு இல்லை.

“எதுக்குள்ளை வைச்சனீ?”

“தொப்பிக்குள்ளைதான். காய வைச்ச அண்டைக்கு. பின்பக்கம் பஞ்சு கனக்கக் கிடந்தது, ஆருக்கும் தெரியாது எண்டு...”

“பிடரியிலையோ?”

“ஓம் மாமி. ஏன்?”

நான் எழும்பிவிட்டேன்.  தலை பின்னுக்குப் போய் இடிக்கும் என்று முதலாளி காட்டிய இடம் அதுதான். நான் இரட்டைப் பஞ்சு வைத்த இடத்தில் ஒரு வெள்ளிக் குழாய் காத்துக்கொண்டிருக்கிறது. “அது இடிச்சுக்கொண்டு உள்ளை ஏறும்” என்று மட்டும் சொன்னேன். அவளுடைய கையில் இருந்த குளிர்பானம் மடியில் ஊற்றுப்பட்டது.

வேலி ஓரமாக நடந்தேன். ஓட எனக்கு முழங்கால் விடாது. மஞ்சள் சட்டை போட்ட ஒருவன் “நோ, மதாம், நோ” என்று கையை விரித்தான். அவனுடைய கைக்குக் கீழால் போனேன். மகனின் பெயரைச் சொல்லிக் கத்தினேன். யாருக்குக் கேட்கும்? ஒலிபெருக்கியில் ஒருவன் விடாமல் கதைத்துக்கொண்டிருந்தான். குதிரைக்குக் காதில் கம்பளி, மகனுக்குக் காதில் நான் தைத்த பஞ்சு. மருமகளை விட்டால் அத்தனை சனத்துக்குள் என் பாசை தெரிந்தவன் அவன் ஒருவன்தான், அவனுக்குத்தான் கேட்கவில்லை. ஈட்டியை எடுத்துக் கொடுக்கப் போனார்கள்.

மரப்படியைப் பிடித்துப் பிடித்து மேடையில் ஏறினேன். என் வளையலால் அந்த இரும்பில் அடித்தேன். தேரைத் தலை மெல்லக் குனிந்தது. வெடிப்புக்குள் இரண்டு கண்.

“ஆரது, அம்மாவே? ஏன் இஞ்சை ஏறினியள்? இறங்குங்கோ!” குடத்துக்குள் இருந்து கதைக்கிற மாதிரி வந்தது.

“தொப்பிக்குள்ளை கூடு கிடக்குதடா. உன்ரை பெண்சாதி வைச்சுத் தைச்சிருக்கிறாள்.”

“தெரியும்.”

எனக்கு விளங்கவில்லை. “என்ன தெரியும்?”

“நேற்றுப் போட்டுப் பாக்கேக்கையே குத்தினது. தடவிப் பாத்தனான். கிடக்கட்டும் அம்மா. அவள் அதை வைச்சபிறகுதான் நித்திரை கொள்ளுறாள்.”

“உன்ரை பிடரி உடையுமடா, மூதேவி!”

“சனம் பாக்குது. இறங்குங்கோ.”

“பாக்கட்டும். நான் இதிலைதான் இருக்கப்போறன். என்னைத் தாண்டிக்கொண்டு ஓடு.”

இருந்துவிட்டேன். மேடையின் ஓரத்தில் சம்மணம் கட்டி இருந்து, குதிரையின் நெஞ்சு மெத்தையைக் கட்டிய கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டேன். குதிரை ஒரு அடி வைத்தாலும் நானும் போவேன். நான் யாரிடமும் கெஞ்சிப் பழகாதவள். கெஞ்ச எனக்குப் பிரெஞ்சும் தெரியாது.

ஒலிபெருக்கிக்காரன் ஏதோ சொன்னான், சனம் சிரித்துக் கைதட்டியது. வீரனின் தாய் வழியனுப்ப வந்திருக்கிறாள் என்று சொன்னானாம். எல்லாம் கூத்தின் ஒரு பகுதி என்று நினைத்துவிட்டார்கள். முதலாளி முகம் சிவந்து ஓடி வந்தார். “மதாம், மதாம்” என்று கையைப் பிடித்தார். நான் கயிற்றை விடவில்லை. தூரத்து முனையில் மற்றவன் ஈட்டியோடு தயாராக நின்றான், அவனுடைய குதிரை மண்ணை விறாண்டியது.

அப்போதுதான் மருமகள் வந்து சேர்ந்தாள். மூச்சு வாங்க நின்றாள்.

“சொல்லு பிள்ளை. முதலாளிக்குச் சொல்லு.”

“மாமி, அவர் ஏசுவாரே...”

“ஏசட்டும். சொல்லு!”

அவள் வகுப்பில் படித்த பிரெஞ்சில் சொன்னாள். தட்டித் தட்டித்தான் வந்தது. சொல் கிடைக்காத இடத்தில் தன் சின்ன விரலைத் தன் பிடரியில் வைத்துக் காட்டினாள். முதலாளியின் முகத்தில் இருந்த சிவப்பு அப்படியே இறங்கிப் போனது.  அவர் திரும்பித் திருகாணிச் சாவி கேட்டார்.

முதல் இரண்டும் கழன்றன. மூன்றாவது இறுகிப்போய்விட்டது. இரண்டு பேர் சேர்ந்து முறுக்கினார்கள். தேரைத் தலையைத் தூக்கியபோது என் பிள்ளையின் முகம் வியர்வையில் கழுவி எடுத்தது போல இருந்தது. அவன் என்னைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்தான். “கூடு கிடக்குது எண்டு தெரிஞ்சும் உனக்கு நான் சொல்லாமல் இருந்தது நீ நிம்மதியாய் இருக்கத்தானே” என்றான். அவள் அழுதாள்.

தொப்பியை என் மடியில் போட்டார்கள். பார்த்த உடனே தெரிந்தது, என் தையல் எது, அவளுடையது எது என்று. அவளுடையதைப் பல்லால் கடித்துப் பிரித்தேன். குழாய் சூடாக இருந்தது. அவளுடைய உள்ளங்கையில் வைத்தேன்.

இப்போது தொப்பி என் மடியில் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. முதலாளி சொன்னதை அவள் எனக்குச் சொன்னாள்: “இதைத் தைக்காட்டில் இண்டைக்கு ஓட்டம் இல்லையாம் மாமி.”

நான் கேட்டது இதைத்தானே? காய்ச்சல் வரச் சொல்லிப் பிள்ளையாரிடம் கேட்டவள், ஊசி இல்லை என்று ஒரு சொல் சொன்னால் முடிந்தது. சனம் ஒரு பாட்டம் கூவிவிட்டுக் கலைந்துபோகும். நான் அவனைக் கூட்டிக்கொண்டு பஸ் ஏறலாம். நிமிர்ந்து பார்த்தேன். அந்த இரும்பு நெஞ்சுக்கு மேலே அவனுடைய கழுத்து மெலிந்து, கறுத்து, ஒரு சின்னப் பெடியனின் கழுத்து மாதிரித் தெரிந்தது. அவன் கெஞ்சவில்லை. என் பிள்ளை, கெஞ்சமாட்டான்.

“அம்மா,” என்றான், “ஊசி சட்டையிலைதானே குத்தியிருக்கிறியள்.”

ஓம். எப்போதும் போல அங்கேதான் இருந்தது, நூல் கோத்தபடி.

தைத்தேன். இரட்டை நூலில், நெருக்கித் தைத்தேன். கண்ணீர் மறைத்தது, விரல்தான் வழி கண்டது. முடிச்சுப் போட்டுக் கடித்து அறுத்துவிட்டு, நானே அவனுடைய தலையில் வைத்து இறுக்கினேன். “சரியோ?” என்று கேட்டேன். “சரி” என்றான். அதற்குப் பிறகு அந்த இரும்பு அவனை மூடிவிட்டது.

என்னையும் அவளையும் வேலிக்கு வெளியே கொண்டுபோய் விட்டார்கள். கொம்பு ஊதினார்கள். குதிரை இரண்டும் ஓடத் தொடங்கிய சத்தம் நிலத்தால் வந்து காலில் ஏறியது. மருமகள் என் தோளில் முகத்தைப் புதைத்தாள். நான் கண்ணை இறுக்கி மூடிவிட்டேன். பிள்ளையார் பெயர் கூட வாயில் வரவில்லை. கூரைமரம் முறிவது போல ஒரு சத்தம். சனம் ஓவென்று எழும்பியது. கண்ணைத் திறந்தபோது அவனுடைய குதிரை தனியாக ஓடியது.

அவன் மண்ணில் மல்லாக்கக் கிடந்தான். கேடயம் இரண்டாகப் பிளந்திருந்தது. கை, கால், ஒன்றும் அசையவில்லை. இந்தத் தடவை என்னை யாரும் மறிக்கவில்லை. கிட்டப் போய் முழங்காலில் விழுந்தேன். முகம் தெரியவில்லையே. உயிர் இருக்கிறதா இல்லையா என்று பார்க்க ஒரு முகம் இல்லை. அந்தத் தேரைதான் வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தது. வெடிப்பில் வாயை வைத்துக் கூப்பிட்டேன். பதில் இல்லை. சாவியோடு வந்தவனுக்குத் திருகாணி பிடிபடாமல் சாவி வழுக்கி வழுக்கிப் போனது. ஊரில் பங்கர்க் குழிக்குள் மற்றப் பிள்ளைகளை நான் தேடிய நேரம் கூட இவ்வளவு நீளமாக இருக்கவில்லை.

கழற்றினார்கள். கண் திறந்திருந்தது. இமைத்தது. வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. மூச்சு அடைத்துவிட்டது, வரும் என்று முதலாளி சைகை காட்டினார். வந்தது. முதலில் ஒரு இருமல்.

மருமகள் வேலை செய்யும் அதே ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுபோனார்கள். அவள் தினமும் துடைக்கிற தாழ்வாரத்தில் நாங்கள் இரண்டு பேரும் குந்தியிருந்தோம். அவள் அந்தக் குழாயைக் கைக்குள் இன்னும் பொத்தித்தான் வைத்திருந்தாள்.  கழுத்துக்கு ஒன்றும் இல்லை, தலைக்கும் ஒன்றும் இல்லை, தோள் எலும்புதான் வெடித்திருக்கிறது என்று சொன்ன பிறகு எங்களை உள்ளே விட்டார்கள்.

கட்டுப் போட்ட கையோடு சாய்ந்திருந்தான். அவள் போய்க் காலடியில் இருந்தாள். அவன் என்னைத்தான் கிட்டக் கூப்பிட்டான். மருந்து மயக்கத்தில் குரல் இழுத்தது.

“அம்மா, நான் தலையை நிமிர்த்திப்போட்டன், ஒண்டும் தெரியேல்லை. என்ரை ஈட்டி எங்கை பட்டது? அவன்ரை கேடயத்திலை நேரா விழுந்ததே?”

அவளைப் பார்த்தேன். அவள் தலை குனிந்தாள். என் தோளில் முகம் புதைத்தவளுக்கு என்ன தெரியும்?

“நீங்கள் பாத்தனியள்தானே?”

“ஓம்” என்றேன். “பாத்தனான். நேராத்தான் விழுந்தது. நடுவிலை.”

“நடுவிலையோ?”

“நடுவிலைதான்.”

அவன் கண்ணை மூடிக்கொண்டு சிரித்தான். நான் போர்வையை அவனுடைய கழுத்து வரைக்கும் இழுத்துவிட்டேன்.